போகர் சொன்ன கதையும் நாம் வாங்கும் மணியும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கோபம் வந்தாலும் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் என் தங்கை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, 'நவபாஷாண மணி' ஒன்றை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருக்கிறாள். ராத்திரி தண்ணீரில் போட்டு, விடிந்ததும் குடித்திருக்கிறாள். அதோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். சர்க்கரை நானூறைத் தாண்டி மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

விற்றது யார் என்று விசாரித்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். பெயர் சொல்ல மாட்டேன். போன் போட்டுக் கேட்டேன். "ஐயா, போகர் நவபாஷாணத்துல சிலை செஞ்சாரு, ஆகாயத்துல பறந்து சீனாவுக்குப் போனாருன்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. சொன்னது உண்மைதான். ஜன்னல் வழியே மலையைக் காட்டிச் சொன்னேன். பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் ஆசை. 'இது நூலில் வருகிற கதையப்பா' என்று ஒரு வரி சேர்க்க மறந்தேன். அந்த வரியை இப்போது எழுதுகிறேன்.

'போகர் ஏழாயிரம்' என்பது 'நான்' என்று ஒரு சித்தர் பேசும் நூல். குரு காலாங்கிநாதரைத் தேடிப் போனேன், குளிகையை வாயில் இட்டுப் பறந்தேன், சீனம் கண்டேன் என்று தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போகிறார். மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணியை நமக்குத் தெரியும். அவன் அங்கே வந்து நிற்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதற்குத்தான் நம் ஊரில் போகர் கதை. முன்கதை கேட்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

ஆனால் நூலுக்குள் 'நான்' என்று வருவதெல்லாம் ஆசிரியரின் கையெழுத்து ஆகிவிடாது. அந்தப் பாட்டின் தமிழைத் திருமந்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு பிற்காலத்து நடை என்று தெரியும். அகத்தியர் பெயரில் எத்தனை நூல்கள்! சங்கத்து ஔவையும் ஆத்திசூடி ஔவையும் ஒருவரா? பெரியவர் பெயரில் பின்னால் வந்தவர்கள் பாடுவது நம் மரபு. அதில் மோசடி இல்லை. அதைச் சரித்திரம் என்று விற்பதில்தான் மோசடி. திருமுருகாற்றுப்படையில் பழநி அடிவாரத்து ஆவினன்குடி வருகிறது. போகரும் வரவில்லை, நவபாஷாணமும் வரவில்லை.

இங்கிலாந்துக்காரர்களுக்கு மெர்லின் என்றொரு மந்திரவாதி உண்டு. ஆர்தர் மன்னன் பிறப்பதற்கு முந்தைய கதையை, மெர்லினே வயதான காலத்தில் சொல்வதுபோல மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையார் 1970-ல் நாவலாக எழுதினார். லட்சக்கணக்கானோர் ரசித்துப் படித்தார்கள். அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தவில்லை. நாம் மட்டும் நம் கதையைக் கதையாக ரசிக்க வெட்கப்பட்டு, 'விஞ்ஞானம்' என்று முத்திரை குத்துகிறோம். அதனால் விஞ்ஞானமும் வளரவில்லை, அந்த நூலைப் படிக்கிறவர்களும் இல்லை. வீடியோ போடுகிறவர்களில் பத்துப் பாட்டைப் பொருளோடு சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

சரி, அதை மருத்துவ நூலாகவே வைத்துக்கொள்வோம். சித்தர் பாட்டு பரிபாஷையில் எழுதப்பட்டது. ஒரு சொல்லுக்குப் பல பொருள். குருவிடம் கற்காமல் கைவைக்காதே, சுத்தி செய்யாமல் சேர்க்காதே என்பதுதான் சித்த மருத்துவத்தின் பாலபாடம். பாஷாணம் என்றாலே நஞ்சு. லிங்கத்திலும் பூரத்திலும் பாதரசம் இருக்கிறது. மனோசிலையிலும் வெள்ளைப் பாஷாணத்திலும் ஆர்சனிக் இருக்கிறது. படித்த சித்த மருத்துவரே பயந்து பயந்து கையாளும் சரக்கு இது. அதைக் கூரியரில் அனுப்புகிறவன் எந்தக் குருவிடம் கற்றான்? போகர் போனதாகச் சொல்லும் அந்தச் சீனத்திலேயே, தாங் வம்சத்துப் பேரரசர்கள் சிலர் சாகாமருந்து என்று இப்படிப்பட்ட சரக்கைத் தின்றுதான் செத்தார்கள்.

பாதரசம் என்றால் என்ன என்று நம் மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை மறந்துவிட்டீர்களா? பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே வந்து, 2001-ல் ஆலை மூடப்பட்டது. பாம்பார் சோலைப் பக்கம் வரை நஞ்சு பரவியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். பதினைந்து வருஷம்! கம்பெனி கொட்டிய பாதரசத்தை எதிர்த்துக் கோஷம் போட்ட அதே ஊரில், மணியாக உருட்டி விபூதி பூசிக் கொடுத்தால் காசு கொடுத்து வாங்குகிறோம்.

"வாத்தியார் நாத்திகம் பேசுகிறார்" என்று சில மச்சான்கள் சொல்வார்கள். தைப்பூசத்துக்கு இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இன்றும் படி ஏறுகிறேன். பூம்பாறை குழந்தை வேலப்பரும் போகர் பிரதிஷ்டை என்பார்கள். அங்கே போனாலும் மனமுருகிக் கும்பிடுகிறேன். போகர் சமாதி முன் நின்றால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும். அதற்கு ஆறாயிரம் ரூபாய் மணி தேவைப்படவில்லை. பக்தியைக் கேலி செய்பவன் நானா, அதைப் பொட்டலம் கட்டி விற்பவனா?

தங்கையின் நோய்க்கு மாத்திரையை நிறுத்தியதே காரணம் என்றார் டாக்டர். தண்ணீரில் மணியிலிருந்து என்ன இறங்கியது என்று யாரும் சோதிக்கவில்லை. அந்த மணி ஒரு கண்ணாடி சீசாவில் அடைத்து என் மேஜை டிராயரில் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது மூன்று. அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. படித்த மருத்துவரிடம் போங்கள், ஓடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் போகர் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். நான் விட்ட அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மணி விற்கிற தம்பிக்கு: இதை நீ படிப்பாய் என்று தெரியும். உன் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் என் மேலும் இருக்கிறது. காசைத் திருப்பித் தர வேண்டாம். ஒருநாள் வீட்டுக்கு வா. ஏழாயிரத்தை எடுத்து வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். இந்த முறை ஒழுங்காகச் சொல்லித் தருகிறேன்.