ஏற மறுப்பது கோழைத்தனமா?

ரெக்ஸம் கழகம் 2023, 2024, 2025 என அடுத்தடுத்து மூன்று பருவங்கள் மேல்நிலைக்கு ஏறியதிலிருந்து, நம் கால்பந்து அன்பர்களின் எழுத்தில் ஒரு சொல் மலிந்துவிட்டது: இலட்சியம். ஐந்தாம் நிலையில் கிடந்த வேல்ஸ் நாட்டுக் கழகம் ஆங்கிலக் கால்பந்தின் இரண்டாம் நிலையை எட்டிவிட்டதே, ஏனைய சிறு கழகங்களுக்கு என்ன வந்தது என்று கேட்கிறார்கள். வென்றும் மேலேற விண்ணப்பிக்காத கழகங்களைக் கிணற்றுத் தவளைகள் என்று இகழவும் சிலர் கூசுவதில்லை. இதற்கு மறுமொழி சொல்லியே ஆகவேண்டும்.

ரெக்ஸத்தை 2021இல் வாங்கியவர்கள் ஹாலிவுட் நடிகர் இருவர். அவர்தம் பணமும், கழகத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் தேடித் தந்த உலகப் புகழும் சேர்ந்தே அந்த ஏணியை நிறுத்தின. அத்தகைய கொடுப்பினை எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்? இலட்சியம் என்று நம் அன்பர்கள் பெயரிட்டு அழைப்பது, பெரும்பாலும் யாரோ ஒருவரின் பணப்பையைத்தான்.

இங்கிலாந்தின் மேல்நான்கு நிலைகளில் 92 கழகங்கள் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழே இருப்பதெல்லாம் 'நான்-லீக்' என்னும் பெருவெளி. கீழே செல்லச் செல்ல ஒவ்வொரு லீகின் நிலப்பரப்பும் சுருங்கும். மேலே ஏற ஏற விரியும். இந்த எளிய கணக்கில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஒன்பதாம் நிலையில் ஆடும் ஆட்டக்காரர் தச்சராகவோ ஆசிரியராகவோ பகலில் வேலை பார்ப்பவர். நுழைவுச்சீட்டு விற்பவரும் தேநீர் ஊற்றுபவரும் புல்வெட்டுபவரும் ஊதியம் பெறாத ஊர்க்காரர்கள்.

இனி நார்தர்ன் லீகைப் பார்ப்போம். 1889இல் தோன்றியது, உலகில் இன்றும் நடைபெறும் கால்பந்து லீகுகளில் இரண்டாவது பழைமையானது. டரம், நார்தம்பர்லாந்து வட்டாரச் சுரங்க ஊர்களின் ஆட்டம் அதில் வளர்ந்தது. அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்ற பிஷப் ஆக்லாந்து அங்கே வளர்ந்த கழகம். 1909இலும் 1911இலும் இத்தாலிக்குச் சென்று லிப்டன் கோப்பையை வென்று வந்த வெஸ்ட் ஆக்லாந்தும் அவ்வாறே. இரண்டாம் முறை அவர்கள் இறுதியாட்டத்தில் வீழ்த்தியது யுவென்டஸ் அணியை! இந்த மண்ணையா இலட்சியமற்றது என்பது?

இந்த லீகில் ஏறும் தகுதி பெற்ற கழகங்கள் பல ஆண்டுகள் மேலேற விண்ணப்பிக்காமலே இருந்தன. காரணம், மேலே காத்திருந்த நார்தர்ன் பிரீமியர் லீகின் பரப்பு. டைன் ஆற்றங்கரையிலிருந்து லிவர்பூல் சுற்றுவட்டாரம் சென்று மீள ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். செவ்வாய் இரவு ஆட்டம் என்றால் ஆட்டக்காரர் அரைநாள் கூலியை இழப்பார். பேருந்து வாடகையைக் கழகம் தரவேண்டும். அண்டை ஊரோடு மோதும்போது திரளும் கூட்டம், தொலைவிலிருந்து வரும் அறியாத அணிக்கு வராது. செலவு ஏற, வரவு இறங்கும். விட்லி பே கழகம் 2009, 2010, 2011 என மூன்றாண்டுகள் தொடர்ந்து எஃப்.ஏ. வாஸ் கோப்பையை வென்றது; அந்த மூன்றாண்டும் அது ஆடியது நார்தர்ன் லீகில்தான். ஊருக்கு அதில் என்ன குறைந்துவிட்டது?

ஏறிப் பார்த்தவர்கள் கதையும் உண்டு. டரம் சிட்டி 2008இல் நார்தர்ன் லீகை விட்டு ஏறியது. 2009இல் மறுபடியும் ஏறியது. செயற்கைப் புல்தரை வைத்திருந்த அக்கழகம் அதற்கு மேலுள்ள கான்ஃபரன்ஸ் நிலையில் ஆட முடியாது என்பது தெரிந்ததும் புரவலர் விலகிக்கொண்டார். அடுத்த பருவத்தில் 38 ஆட்டங்களில் 36 தோல்வி. வென்றவை இரண்டே, அவற்றால் கிடைத்த ஆறு புள்ளிகளும் தண்டனையாகக் கழிக்கப்பட்டதால் பட்டியலில் எஞ்சியது சுழியம். 2012இல் நார்தர்ன் லீகுக்கே திரும்பி வந்தார்கள்.

இன்னும் தெற்கே ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ். 'டாக்டர் மார்ட்டென்ஸ்' காலணி முதலாளி மேக்ஸ் கிரிக்ஸ் 1992இல் இரு சிறு கழகங்களை இணைத்து உருவாக்கியது. 2001இல் ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தது. 2003இல் தன் பிரிவில் முதலிடம். முதலாளி விலகினார். 2011இல் கழகமே இல்லை. 2017இல் அரங்கையும் இடித்துவிட்டார்கள். இணைக்கப்பட்ட இரு ஊர்களும் முன்னர் தத்தமக்கென ஒரு கழகம் வைத்திருந்தன என்பதை நினைவிற்கொள்க.

ஊக்கமுடைமைக்கு அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதே பொருட்பாலில் அதற்கு முன்பாகவே வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் தந்திருக்கிறார். நம் அன்பர்கள் அந்த ஏடுகளைப் புரட்டாமல் தாவிவிட்டார்கள் போலும்.

சவுத் ஷீல்ட்ஸை எடுத்துக்காட்டுவோர் உண்டு. 2013 முதல் இரண்டு பருவங்கள் சொந்த ஊரில் திடலின்றி பீட்டர்லீயில் ஆடிய கழகம், 2023இல் நேஷனல் லீக் நார்த் வரை உயர்ந்தது உண்மை, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அங்கும் ஒரு செல்வர் வந்த பிறகே படிகள் தென்பட்டன. நார்தர்ன் லீக் நிர்வாகத்துக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. 1980களில் பிரமிடு அமைப்புக்குள் வரமாட்டோம் என்று லீகே விலகி நின்றது வீண் வீம்பு; 1988இல் பிஷப் ஆக்லாந்து போன்ற கழகம் வெளியேறியது அந்தக் காலத்தில்தான். கதவைச் சாத்துவது வேறு, திறந்த கதவு வழியே இப்போது போகவேண்டாம் என்று ஒரு கழகம் தன் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பது வேறு. 2021இல் நார்தர்ன் பிரீமியர் லீகின் கீழ்ப்படியை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்களே, பயணம் ஒரு சாக்குப்போக்கு என்றால் அந்தப் பிரிவினை எதற்கு?

ஏற விரும்பியவர்களை மேலே இருப்போர் நடத்தும் விதத்தையும் பாருங்கள். கேட்ஸ்ஹெட் 1960இல் ஆடுகளத்தில் அன்று, வாக்கெடுப்பில் ஃபுட்பால் லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதன் வழிவந்த கழகம் 2024இல் நேஷனல் லீகில் ஏற்றத்துக்கான ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றது. நகரசபைக்குச் சொந்தமான அரங்கில் பத்தாண்டுக்கு உறுதியான உரிமை இல்லை என்று கூறி ஆடவே விடவில்லை. அடுத்த சில வாரங்களில் வெம்ப்லியில் எஃப்.ஏ. டிராபியை வென்று காட்டினார்கள். சட்டன் யுனைடெட்டோ 2021இல் ஏறியபோது தன் செயற்கைப் புல்தரையைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. அவ்வூர்ப் பிள்ளைகளும் வாரமெல்லாம் ஆடிக்கொண்டிருந்த தரை அது.

நேஷனல் லீகிலிருந்து மேலேற 2003 முதல் இரண்டே இடங்கள் என்றாயிற்று. மூன்றாவது இடம் வேண்டும் என்று 2025இல் கழகங்கள் ஒன்றுகூடி இயக்கமே நடத்தின. இலட்சியம் பற்றிப் பேச விரும்பும் அன்பர்கள், அந்த ஒரு இடத்தை விட்டுத்தரத் தயங்கிய மேல்நிலைக் கழகங்களிடம் முதலில் பேசட்டும்.