நாம் வாசிக்க மறுத்த யோகி பி

மதுரையில் இலக்கிய நண்பர்கள் கூடுமிடத்தில் ராப் என்ற சொல் எழுந்தால் இரண்டு எதிர்வினைகளே வரும். 'அது அமெரிக்க இரைச்சலின் நகல், அதற்கும் தமிழுக்கும் என்ன உறவு?' என்பது முதலாவது. 'அது நம்மிடம் என்றோ இருந்ததுதான், காளமேகப் புலவரே முதல் ராப் பாடகர்' என்பது இரண்டாவது. முன்னது வெளிப்படையான வசை. பின்னது பாராட்டின் சாயல் பூசிய வசை. இரண்டுமே பாட்டைக் கேட்காமல் தப்பித்துக்கொள்ளும் வழிகள். இக்கட்டுரை அவ்விரண்டுக்கும் எதிரானது. எங்களுக்கும் எதிரானதுதான், ஏனெனில் பல ஆண்டுகளாக அவற்றைச் சொல்லிவந்தவர்களில் நாங்களும் உண்டு.

யோகேஸ்வரன் வீரசிங்கம் என்னும் யோகி பி மலேசியத் தமிழர். 1990களில் 'பொயட்டிக் அம்மோ' என்ற குழுவில் இயங்கியவர். 1998இல் வெளியான அக்குழுவின் முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், கண்டோனியம் ஆகியவற்றுடன் தமிழும் இடம்பெற்றது. பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'யோகி பி - நட்சத்ரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார்.

அதற்கு முன் தமிழில் ராப் இல்லையா என்று கேட்கலாம். 1994இல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்தது. நம் பக்கத்துத் தேனி குஞ்சரம்மாளின் குரலும் அதில் ஒலித்தது. ஆனால் அது திரைப்படமொன்றின் தேவைக்காகப் பிறந்த பாடல். 'வல்லவன்' அப்படியன்று. அதற்குப் பின்னால் நாயகன் இல்லை, கதை இல்லை. பாடுகிறவரே தம் பெயரில், தாம் நிற்கும் மண்ணிலிருந்து பேசுகிறார். கவிதையில் தன்னிலைக் குரல் என்று நாம் எதைக் கொண்டாடுகிறோமோ அதுவே இங்கும் நிகழ்ந்தது. நமக்கு மட்டும் அது கேட்கவில்லை.

அத்தொகுப்பில் பலரும் அறிந்தது 'மடை திறந்து'. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது மூலப் பாடல். ராஜாவின் பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. மடை என்பதும் வைகைப் பாசனத்துக் கண்மாய்க் கரைகளில் இன்றும் புழங்கும் சொல். படத்தில் அப்பாடல் வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவு. யோகி பி அந்தக் கனவின் மேல் ஏறி நின்று தம் வருகையை அறிவித்தார். அங்கீகாரத்துக்கு ஏங்குபவனின் பாடலை, அங்கீகாரம் கிட்டாத ஒரு வடிவத்தின் முழக்கமாக மாற்றியது சாதாரணக் காரியமன்று. நாமோ அதை 'ரீமிக்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிட்டோம்.

நம் பாராமுகத்துக்குத் துல்லியமான சான்று 'ஆடுகளம்'. மதுரையின் சேவற்சண்டையைக் களமாகக் கொண்டு 2011இல் வந்த படம். அதில் பேட்டைக்காரனாக நடித்த ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுக்குத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பு கிடைத்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததில் தவறில்லை, அவர் நம் கவிஞர். ஆனால் அதே படத்தில் 'போர்க்களம்' பாடலில் ஒலித்த குரல் யோகி பியினுடையது. கடல் கடந்த இரு தமிழ்ச் சொற்கலைஞர்கள் ஒரே படத்தின் வழியாக மதுரைக்கு வந்தார்கள். ஒருவரை வரவேற்றோம். மற்றவரின் பெயரைக்கூட விசாரிக்கவில்லை. அவர் புத்தகம் போட்டிருந்தால் விசாரித்திருப்போமோ?

இனி, 'இது நம்மிடம் இருந்ததுதான்' என்போருக்கு வருவோம். காளமேகத்தின் வசை உண்டு. மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரு கட்சி கட்டி மோதும் லாவணியும் உண்டு. உறவு பாராட்டலாம், தடையில்லை. உரிமை கொண்டாடுவதுதான் பிழை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய இளைஞர் கூல் ஹெர்க், தம் குடியிருப்பில் நடந்த ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை நீட்டித்து ஆடவைத்தவர் அவர். அந்த நாளையே ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பிறர் வறுமையிலும் புறக்கணிப்பிலும் கண்டெடுத்ததை நம் பாட்டன் சொத்து என்பது தமிழ்ப்பற்று ஆகாது.

அந்நிய வடிவம் என்போருக்கும் ஒரு கேள்வி. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியபோது நாவல் எந்த ஊர்ச் சரக்கு? பெயரைக்கூட மாற்றாமல் அதை ஏற்று, அதிலேயே நம் மிகச்சிறந்த ஆக்கங்களைப் படைத்தோம். நாவலுக்குத் திறந்த கதவு ராப்புக்கு ஏன் சாத்தப்படுகிறது? அது தெருவிலிருந்து வருகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

யோகி பி விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். தற்பெருமையும் ஆங்கிலக் கலப்பும் இவ்வடிவத்தின் பலவீனங்களாவதுண்டு. 2017இல் வந்த 'விவேகம்' படத்தின் 'சர்வைவா' பாடலில் அவர் குரல் நாயகத் துதிக்குள் சுருங்கியது என்பதே எங்கள் கருத்து. திரையுலகம் ராப் கலைஞரைக் கறிவேப்பிலையாகப் பயன்படுத்தும்போது அதைக் கண்டிக்க விமர்சகன் வேண்டும். விமர்சகனோ திண்ணையில் காளமேகம் பேசிக்கொண்டிருக்கிறான்.

இந்த மௌனத்துக்கு விலை உண்டு. 2012இல் வந்த 'ஹிப்ஹாப் தமிழன்' இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்ஹாப் தொகுப்பு எனப்படுகிறது. பேச்சுவழக்கில் 'இந்தியாவின்' உதிர்ந்துவிட, ஆறாண்டுகளுக்கு முந்தைய மலேசியாவும் உதிர்ந்துவிடுகிறது. 2019இல் 'தெருக்குரல்' தந்த அறிவு, 2021இல் தீயுடன் இணைந்து 'எஞ்சாய் எஞ்சாமி' பாடினார். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்புக் குரல் எழுந்த பின்னரே அவருக்குத் தனி அட்டை வந்தது. எழுதியவனின் பெயரைக் கேட்கும் பழக்கம் இலக்கியவாதிகளுக்கே இல்லாதபோது வணிக இதழிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

1901இல் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட ஊர் இது. சங்கம் என்றால் அரங்கேற்றம், அரங்கேற்றம் என்றால் குற்றமும் குணமும் நாடுவது. 'வல்லவன்' வந்து இருபது ஆண்டுகளாகியும் அதன் சொல்லாட்சி, எதுகை, தாளம், மலேசியத் தமிழின் சாயல் ஆகியவற்றைப் பாடல் பாடலாக எடுத்துப் பேசிய ஒரு கட்டுரைகூட எங்கள் பக்கங்களில் வந்ததில்லை. அதை நாங்களே எழுதத் தொடங்குகிறோம். மறுப்பவர்கள் மறுக்கட்டும். கேட்டுவிட்டு மறுக்கட்டும்.