பழைய பெயின்ட்டை உரிக்க பிரஷர் வாஷரா? கோயில் கல் சொல்லும் பாடத்தைக் கேளுங்க!

“பொங்கலுக்குள்ள பெயின்ட் அடிச்சிடணும்.” மார்கழி பிறந்தால் திருத்தணி அடிவாரத் தெருக்களிலும் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். முன்பெல்லாம் பெயின்ட்டர் ஏணி போட்டு, தகட்டால் நாள் முழுக்கச் சுரண்டுவார். இப்போது ரீல்ஸ் காட்டும் வழி வேறு. பிரஷர் வாஷரைப் பிடித்தால் பழைய பெயின்ட் தோல் மாதிரி உரிஞ்சு வருது. பார்க்க செம! ஆனால் சுவருக்கு?

அழுத்தம் எவ்வளவு?

கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். வீட்டுக்கு வாங்கும் பிரஷர் வாஷர்களே 100 பாரைத் தாண்டும். அந்தத் தண்ணீருக்கு பெயின்ட் எது, பூச்சு எது என்று தெரியாது. பலவீனமான இடம் முதலில் கழன்று வரும். கெட்டியாக ஒட்டிய பெயின்ட் வராது. வரலையே என்று நாசிலைக் கிட்டே கொண்டுபோனால், பெயின்ட்டோடு பூச்சு மணலும் சேர்ந்து கொட்டும்.

அடுத்த சிக்கல் ஈரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு இந்த வேலை நடக்கிறது. ஏற்கெனவே ஈரம் குடித்த சுவரின் விரிசல்களுக்குள் இன்னும் தண்ணீரை ஏற்றி, ரெண்டே நாளில் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெயில் ஏறியதும் கொப்புளம் வரும், உப்பு பூக்கும். திட்டு விழுவது பெயின்ட் கம்பெனிக்கு!

கண்ணுக்குத் தெரியாத ஈயம்

வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில், குறிப்பாக கதவு, ஜன்னல், கிரில்லில் அடித்த எனாமலில், ஈயம் இருக்கலாம். பிரஷர் வாஷர் அதைத் துகள் துகளாக வாசலிலும் செடித் தொட்டியிலும் குழந்தை விளையாடும் மண்ணிலும் தெளித்துவிடும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கோயில்களில் நடந்தது என்ன?

அவசரத்துக்கு அழுத்தத்தை நம்பிய கதை தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. கோயில் கற்களில் படிந்த சுண்ணாம்பையும் பெயின்ட்டையும் நீக்க, மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் ‘சாண்ட் பிளாஸ்டிங்’ பல இடங்களில் நடந்தது. கல் பளிச்சென்று ஆனது. கூடவே சிற்பங்களின் நுணுக்கமும் கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்தன. கடும் எதிர்ப்புக்குப் பிறகே இந்து சமய அறநிலையத் துறை அதற்குத் தடை போட்டது.

இழப்பின் அளவு புரிய திருத்தணியே போதும். இங்குள்ள வீரட்டேஸ்வரர் கோயில், பல்லவ மன்னர் அபராஜிதன் காலத்தில் கல்லால் எழுப்பப்பட்டது. அந்தக் காலக் கல்வெட்டுகள் ஆயிரம் வருஷம் தாண்டியும் அங்கே இருக்கின்றன. அப்படிப்பட்ட எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஒருமுறை தேய்ந்தால் மறுபடி எழுத முடியாது.

சரி, என்னதான் செய்யலாம்?

வீட்டுச் சுவரைத் திரும்பப் பூசலாம்தான். ஆனால் அந்தச் செலவு தேவையே இல்லை. உரியாமல் நிற்கும் பெயின்ட்டை எடுக்கவே வேண்டாம். புதுப் பூச்சுக்கு அதுதான் நல்ல பிடிமானம். பொரிந்து நிற்பதை மட்டும் தகட்டால் சுரண்டி, ஓரங்களை எமரி ஷீட்டால் தேயுங்கள். பழைய எனாமல் என்றால் ஈரப்படுத்தித் தேய்ப்பது, கீழே பிளாஸ்டிக் ஷீட், முகத்துக்கு நல்ல மாஸ்க் மூன்றும் அவசியம். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் பாசி, அழுக்கு கழுவ மட்டும் பயன்படுத்தலாம். விசிறி மாதிரி விரியும் நாசில், குறைந்த அழுத்தம், தள்ளி நின்று பிடிப்பது. பிறகு சுவர் முழுசாகக் காய்ந்த பிறகே பிரைமர். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம்.

இதற்கு பெயின்ட்டருக்கு ரெண்டு நாள் கூலி கூடுதலாக ஆகும்தான். சுவரையே பூசுகிற செலவைவிட அது குறைவு. பொங்கலுக்குள் முடியவில்லையா? தை முழுக்க இருக்கு, காய்ந்த பிறகு அடிங்க.