கறுப்புக் கோட்டும் காலி பெஞ்சும்

‘வக்கீல் தொழிலை விட்டுடலாம்னு இருக்கேம்மா’ என்று போன மாசம் வீட்டில் சொன்னேன். நாத்து நட்டு, களை பறித்து என்னைப் படிக்க வைத்தவள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ ‘விட்டுட்டு?’ என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து போய்விட்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

பதினெட்டு வருசமாக ஒரு மாவட்டக் கோர்ட்டில் தொழில் செய்கிறேன். முதல் ஆறு வருசம் ஒரு சீனியர் ஆபீசில். கேஸ் கட்டு தூக்குவது, வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது. மாசம் போனால் கைக்கு வந்தது பஸ் காசு. என்னோடு சேர்ந்த இன்னொரு ஜூனியருக்குச் சீனியரின் காரில் இடம் இருந்தது. எனக்குக் கட்டுகளோடு பஸ். புதுசாக வரும் கட்சிக்காரர் ‘எந்த ஊரும்மா?’ என்பார். ஊரைச் சொன்னால் ‘எந்தத் தெரு?’ என்பார். தெருவைச் சொன்ன பிறகு சொத்துக் கேசு நம் மேசைக்கு வராது. பி.சி.ஆர். கேசு மட்டும் வரும். ‘அது உங்காளுங்க கேசு, நீங்களே பாருங்க.’ சொத்துக் கேசில் பீஸ் இருக்கிறது. பி.சி.ஆர். கேசில் கட்சிக்காரரின் பஸ்சுக்கு நாமதான் காசு கொடுக்கணும்.

எனக்குச் சாமர்த்தியம் பத்தவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அண்ணல் அம்பேத்கர் 1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். வழக்கு அனுப்ப வேண்டிய சொலிசிட்டர்கள் தீண்டத்தகாதவரிடம் அனுப்பவில்லை. 1925லிருந்து சில ஆண்டுகள் ஒரு கணக்கியல் பள்ளியில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். அவருக்கா சாமர்த்தியம் பத்தவில்லை? கறுப்புக் கோட்டைப் போட்டால் சாதி மறைந்துவிடும் என்று நம்மை நம்ப வைத்தவர்கள் யார்?

எனக்கும் இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. ஒரு தனியார் கல்லூரியில் சட்டம் சொல்லிக்கொடுக்கணும். ஒண்ணாந்தேதி சம்பளம். ‘போகாதே, அது துரோகம்’ என்கிறார் இயக்கத் தோழர் ஒருவர். ஏன் துரோகம்? அண்ணல் 1951இல் சட்ட அமைச்சர் பதவியையே விட்டு வெளியே வந்தார். ஆந்திராவில் பொஜ்ஜா தாரகம், 1985இல் காரம்சேடு படுகொலை நடந்தபோது அரசு வழக்கறிஞர் பதவியைத் தூக்கி எறிந்தார். விடுவதும் ஒரு போராட்டம்தான். ஆனால் ஒன்று. தாரகம் பதவியைத்தான் விட்டார், சனங்களை விடவில்லை. சுண்டூரில் 1991இல் நம்மவர்கள் எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் அந்தச் சனங்களோடு நின்றார். போராடி அந்த ஊரிலேயே தனிக் கோர்ட் கொண்டு வந்தார்கள். 2007இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை. 2014இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அப்புறம் எதுக்கு இந்தத் தொழில்?

நான் விட்டுவிடணும்னு முடிவெடுத்தது 2024இல், ஒரு சாயங்காலம். ஊர்த்தெருவில் வண்டியை விட்டு இறங்காமல் போனான் என்று ஒரு பையனை அடித்துக் கையை ஒடித்த வழக்கு. குற்றப்பத்திரிகை தாக்கலானது 2017இல். முடிந்தவரை இரண்டு மாசத்தில் விசாரணையை முடிக்கணும் என்கிறது சட்டம். ஏழு வருசம் கழித்துப் பையனின் அப்பாவைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிரிகள் பக்கம் முப்பது பேர் வேட்டியும் மொபைலுமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் பெஞ்சில் ஒருத்தர் இல்லை. ‘எனக்கு எதுவும் தெரியாதுங்க, நான் பாக்கலிங்க’ என்றார் பெரியவர். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘மன்னிச்சிரு தாயி. ராத்திரிக்கு அந்த ஊருக்குள்ள நான்தானே போகணும்.’

அவரைப் பிறழ் சாட்சி என்று கோர்ட் எழுதிக்கொண்டது. பிறழ்ந்தது அவரா? சம்பவம் நடந்த வாரம் நாலு வேனில் வந்தோம். சுவரொட்டி ஒட்டினோம், கோசம் போட்டோம். ஏழாவது வருச வாய்தாவுக்கு யார் வந்தோம்? ஜாமீன் கொடுக்கும் முன் பாதிக்கப்பட்டவரைக் கேட்கணும் என்ற உரிமை 2016 சனவரியிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. கேட்பதற்கு அவரைக் கூட்டிக்கொண்டு வர ஆள்தான் இல்லை.

என் பக்கமும் குற்றம் இருக்கிறது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாசம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கணும் என்று 2024 சூனில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. என் ஆபீசில் இருக்கும் தம்பிக்கு நான் கொடுப்பது 4,000. அவனும் சேரியில் முதல் வக்கீல். அன்றைக்குச் சீனியர் எனக்குச் செய்ததை இன்றைக்கு நான் அவனுக்குச் செய்கிறேன். நாளைக்கு அவன் சூப்பர்வைசர் வேலைக்குப் போனால் ‘ஓடிப்போனவன்’ என்று சொல்ல எனக்கோ இயக்கத்துக்கோ என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு ஆளைத் தனியாக நிறுத்திவிட்டு ‘நீதான் நம் ஆயுதம்’ என்று கைதட்டுவது விடுதலை அரசியல் இல்லை. அந்த வக்கீலுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று யோசிப்பதும் இயக்க வேலைதான். மாசம் நூறு ரூபாய் வீதம் நூறு பேர் சேர்ந்தால் ஒரு ஜூனியர் தாக்குப்பிடிப்பான்.

மகாத் குளத்தில் அண்ணல் தண்ணீர் எடுத்தது 1927 மார்ச்சில். அதே வருசம் டிசம்பரில் சாதி இந்துக்கள் அவர் மேலேயே வழக்குப் போட்டார்கள். நம் பக்கம் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1937 மார்ச்சில். ஒரு கை தண்ணிக்குப் பத்து வருச வாய்தா. அத்தனை வருசம் அந்த வழக்கு நின்றதற்குக் காரணம் சட்டப் புத்தகம் மட்டும் இல்லை, அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது.

அதனால் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். கல்லூரி வேலைக்கு இப்போது போகவில்லை. என் கையில் இரண்டு பி.சி.ஆர். கேசு சாட்சி விசாரணையில் இருக்கிறது. அதை முடிக்கிறேன். முடித்த பிறகு போனாலும் போவேன். அப்போது யாரும் என்னைத் துரோகி என்று சொல்ல வேண்டாம்.

இதைப் படிக்கிற தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊர்க் கோர்ட்டில் நம்மாளு கேசு எந்தத் தேதிக்குப் போட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். அன்றைக்கு ஒரு நாள் கூலி போனாலும் பத்துப் பேர் போங்கள். திறந்த நீதிமன்றம், பொதுவாக யாரும் தடுக்க முடியாது. கோசம் வேண்டாம், கொடி வேண்டாம். சாட்சி சொல்கிறவர் திரும்பிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். சாயங்காலம் அவரை வீடு வரை கொண்டு போய் விட்டுவிட்டு வாருங்கள்.