வீட்டுக் கணக்கு: டர்போ காருக்கு உயர்விலைப் பெட்ரோல் அவசியமா?

நம் சங்கத்து அன்பர்களில் புதிதாகக் கார் வாங்குவோர் பலர் இப்பொழுது ‘டர்போ’ என்ஜின் பூட்டிய வண்டியையே வாங்குகின்றனர். மூன்றே சிலிண்டர்களும் ஒரு லிட்டர் கொள்ளளவும் உடைய சிறு என்ஜின், பெரிய என்ஜினைப் போல இழுக்கிறது என்பது அதன் சிறப்பு. ஆனால், பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியவுடன் ஒரு கேள்வி எழுகிறது: “சாதாவா, பிரீமியமா?” டர்போ நுட்பமான யந்திரமாயிற்றே, அதற்கு உயர்ந்த எண்ணெய்தான் பொருந்தும் என்று கருதி ஒரு சாரார் உயர்விலைப் பெட்ரோலையே நிரப்புகின்றனர். இவையெல்லாம் விற்பவர்களுடைய தந்திரம் என்று மற்றொரு சாரார் ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரும் ஆராயாமல் முடிவு செய்கின்றனர் என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதம் 60 லிட்டர் பெட்ரோல் போடுவதாகவும், பிரீமியத்திற்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 480 ரூபாய். ஆண்டிற்கு 5,760 ரூபாய். வெளியூரில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் செலுத்தி, ஊரிலுள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்பும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. வண்டிக்கு அது தேவையில்லை என்றால் அத்தனையும் வீண். உண்மையிலேயே தேவை என்றாலோ, அதை மிச்சம் பிடிப்பது உப்பில் சிக்கனம் செய்து ஊறுகாயைக் கெடுத்த கதையாகிவிடும். ஆகவே, தேவையா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெட்ரோலின் தரத்தைக் குறிக்க ஆக்டேன் எண் என்றோர் அளவு உண்டு. அந்த எண் உயர்ந்திருந்தால் எண்ணெயில் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் பொறுத்துக்கொண்டு, தானாகத் தீப்பற்றாமல் இருக்கும் திறனையே அவ்வெண் குறிக்கிறது. ஐசோ ஆக்டேன் என்னும் திரவத்திற்கு 100 என்றும், ஹெப்டேன் என்னும் திரவத்திற்கு 0 என்றும் மதிப்பு வைத்திருக்கின்றனர். 95 ஆக்டேன் பெட்ரோல் என்றால், முன்னது 95 பங்கும் பின்னது 5 பங்கும் கலந்த கலவைக்கு ஒப்பாக அது நடந்துகொள்ளும் என்று பொருள்.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியைப் பிஸ்டன் அழுத்துகிறது. உரிய நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி வீச, நெருப்பு ஒரு மூலையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். அதற்கு முன்பே, மறுகோடியில் எஞ்சியுள்ள கலவை அழுத்தம் தாங்காமல் தானாக வெடித்துவிட்டால் ‘நாக்கிங்’ எனப்படும் தட்டல் உண்டாகிறது. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஒலி கேட்கும். கடுமையான தட்டல் நீடித்தால் பிஸ்டன் சேதமடையும்.

இனி டர்போவுக்கு வருவோம். என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் பொருத்திய மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிகுதியாக எரியும்; சக்தி கூடும். ஆனால் அழுத்தப்பட்ட காற்று சூடேறும் என்பது சைக்கிளுக்குப் பம்பால் காற்றடித்த எவருக்கும் தெரிந்ததே. அழுத்தமும் உஷ்ணமும் சேர்ந்தால் தட்டலுக்கு இடமுண்டு. டர்போவுக்கு உயர்ந்த ஆக்டேன் வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. அது ஆதாரமற்ற எண்ணம் அன்று.

அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி வெளியிட்ட ஜெட்ஃபயர் என்னும் டர்போ காரில் இத்தொல்லையைத் தவிர்க்க ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பி, என்ஜினுக்குள் செலுத்திக் குளிரூட்டினர். சொந்தக்காரர்கள் பலர் தொட்டியை நிரப்ப மறந்தனர். அவ்வண்டி நெடுநாள் நீடிக்கவில்லை. 1963-ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றுவிட்டது. பின்னர் 1980-களின் தொடக்கத்தில், ஸ்வீடன் நாட்டு சாப் கம்பெனி வேறு வழி கண்டது. தட்டலின் அதிர்வை உணரும் ஒரு சிறு கருவியை என்ஜினில் பொருத்தியது. தட்டல் தலைகாட்டியவுடன் டர்போவின் அழுத்தம் தானாகக் குறையும். இதனால் பல்வேறு ஆக்டேன் உள்ள பெட்ரோலிலும் ஒரே வண்டி பழுதின்றி ஓட முடிந்தது.

இன்றைய டர்போ கார்களில் இத்தகைய உணர்கருவி உண்டு. அது தட்டலைக் கண்டுகொண்டதும், கம்ப்யூட்டர் பொறி வீசும் நேரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறது. தேவையானால் அழுத்தத்தையும் குறைக்கிறது. உள்ளே செல்லும் காற்றை இன்டர்கூலர் என்னும் சாதனம் குளிர்விக்கிறது. பல என்ஜின்களில் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால், அது ஆவியாகும்போது உள்வெப்பம் தணிகிறது. ஆகவே, சாதாரணப் பெட்ரோலுக்கென்றே டர்போ என்ஜினை அமைப்பது இன்று கைகூடிய காரியம்.

அப்படியானால் உயர்ந்த ஆக்டேனால் பயனே இல்லையா? அதற்கும் எண்களே விடை கூறுகின்றன. மாஸ்டா கம்பெனி தன் 2.5 லிட்டர் டர்போ என்ஜினை அமெரிக்காவில் விற்றபோது, 93 ஆக்டேனில் 250 குதிரைச் சக்தி, 87 ஆக்டேனில் 227 குதிரைச் சக்தி என்று இரண்டையும் வெளிப்படையாக அறிவித்தது. குறைந்த ஆக்டேனில் வண்டி கெடுவதில்லை. உச்ச சக்தி மட்டும் 23 குறைகிறது. நகரத்து நெரிசலில் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் போய்வருபவர் அந்த உச்சத்தை எட்டுவது அபூர்வம். அமெரிக்கப் பங்குகளில் எழுதியிருக்கும் எண் வேறு முறையில் கணக்கிடப்படுவது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே 87 என்பது நம் நாட்டுக் கணக்கில் உத்தேசமாக 91. ஆதலின் அந்நாட்டிலுள்ள உறவினர் கூறும் எண்ணை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கலாகாது.

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2016-இல் ஒரு சோதனை நடத்தியது. சாதாரணப் பெட்ரோலுக்கென அமைந்த கார்களில் பிரீமியம் போட்டுப் பார்த்ததில், சக்தியிலோ மைலேஜிலோ குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை. மறு ஆண்டு, பிரீமியம் ‘பரிந்துரைக்கப்பட்ட’ கார்களைச் சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது. நம் நாட்டில் லிட்டர் விலை ஏறத்தாழ 100 ரூபாய் என்று கொண்டால், 8 ரூபாய் கூடுதல் என்பது 8 சதவீதம். 2.7 சதவீத மிச்சத்திற்காக 8 சதவீதம் செலவழிப்பது கணக்கில் அடங்காது.

நம் நாட்டு நிலைமையையும் அறிந்துகொள்ள வேண்டும். முன்பு சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் 88 ஆக இருந்தது. பிறகு 91 ஆயிற்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேற்பட்டது என்பதே இந்த உயர்வுக்குக் காரணம். ஆகவே, அத்தகைய பெட்ரோல் கிடைக்குமிடத்தில், 95-க்கென்று கூடுதல் விலை கொடுப்பதற்கான காரணம் பெரிதும் குறைந்துவிடுகிறது. எத்தனால் கலந்ததால் மைலேஜ் சற்றுக் குறைவதைக் கண்டு, “சாதாப் பெட்ரோல் ஒத்துக்கொள்ளவில்லை” என்று பிரீமியத்திற்கு மாறுவோரும் உளர். எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் குறைவது அதனால்தான். பிரீமியத்திலும் எத்தனால் கலந்திருக்கலாம் என்பதை மறக்கலாகாது.

பிரீமியம் என்ற ஒரே பெயருக்குள் இரு வகைகள் உண்டு என்பதும் கவனிக்கத்தக்கது. எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்றவற்றில் பெயரிலேயே ஆக்டேன் எண் இருக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிமுகம் செய்த எக்ஸ்பி100, மிக உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் விலையுயர்ந்த வண்டிகளுக்கே பொருந்துவது. இன்னொரு வகையில், என்ஜினின் உட்புறத்தைச் சுத்தமாக வைக்கும் சேர்மானங்கள் மட்டும் கூடுதலாக இருக்கும், ஆக்டேன் உயர்ந்திராது. எண்ணைக் கேட்காமல் பெயரைக் கேட்டுப் பணம் கொடுப்பது சரியான பழக்கமன்று.

எனவே, செய்ய வேண்டியது எளிது. பெட்ரோல் டாங்க் மூடியின் உட்புறத்தையும், வண்டியோடு கொடுத்த கையேட்டையும் பாருங்கள். 91 போதும் என்றிருந்தால், டர்போவாக இருப்பினும் சாதாரணப் பெட்ரோலே போதும். 95 பரிந்துரைக்கப்படுகிறது, 91-உம் போடலாம் என்றிருந்தால், அன்றாட ஓட்டத்திற்குச் சாதாரணமே போதுமானது. குறைந்தபட்சம் 95 என்று கட்டாயமாக எழுதியிருந்தால் மட்டும், அந்த எண்ணுக்குக் குறைந்ததைப் போடவே கூடாது. அங்கே சிக்கனம் பேசலாகாது. வண்டி வாங்குமுன்பே அச்செலவையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகை வண்டி உடையோர் கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும்போது மட்டும் சிறிது யோசிக்கலாம். மும்பையிலிருந்து புணே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூர் வழியாகக் கிருஷ்ணகிரி சேரும் பாதையை நம்மவர் பலர் அறிவர். மே மாத வெயிலில், வண்டி நிறைய ஆட்களும் மூட்டைகளும், ஏசியும் ஓட, கண்டாலா மலைப்பாதையிலும் சதாரா செல்லும் வழியிலுள்ள கம்பாட்கி மலைப்பாதையிலும் ஏறும்போதுதான் என்ஜினுக்கு உண்மையான சோதனை. அப்பொழுது ஒரு டாங்க் உயர்ந்த ஆக்டேன் நிரப்பினால் தவறில்லை. அதையே மாதந்தோறும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுவதில்லை.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை என்ஜின் ஆயிலுக்குச் செலவிடலாம். டர்போ சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது; அதன் அச்சைக் காப்பது ஆயிலே. கையேட்டில் குறித்த ரகத்தை, குறித்த காலத்தில் மாற்றுங்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கியர் வண்டியானால், மெல்ல ஏறும்போது உயர்ந்த கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரை ஆழ மிதிக்காதீர்கள். டர்போ என்ஜினில் பொறி வீசுமுன்பே தீப்பற்றும் அபாயம் அந்நிலையில்தான் மிகுதி.

வண்டி டர்போ என்பது பெட்ரோல் எது என்பதைத் தீர்மானிப்பதில்லை. வண்டியைச் செய்தவர் எழுதி வைத்த எண்ணே தீர்மானிக்கிறது. அடுத்த முறை பங்கில் நிற்கும்போது, டாங்க் மூடியைத் திறந்தவுடன் அந்த எண்ணைப் படித்துவிட்டு விடை கூறுங்கள். இது குறித்து மேலும் ஐயமுடைய அன்பர்கள், வண்டியின் பெயரையும் மூடியிலுள்ள எண்ணையும் குறிப்பிட்டுச் சங்க முகவரிக்கு எழுதலாம்.