படிப்பு மட்டும் போதாது!

பருவநிலை மாற்றம் குறித்த பாடம் நமது கல்லூரிகளுக்குள் தானாக நுழைந்துவிடவில்லை. நாடாளுமன்றம் விவாதித்தோ, அரசு தொலைநோக்குடன் திட்டமிட்டோ கொண்டுவந்த பாடமும் அல்ல. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால்தான் சுற்றுச்சூழல் என்பது பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாகும் நிலை ஏற்பட்டது. அந்த உத்தரவைக் கல்லூரிகளில் முழுமையாக நடைமுறைப்படுத்தவும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நீதிமன்றம் 2003-இல் மீண்டும் கண்டிப்புடன் வலியுறுத்த வேண்டியிருந்தது.

அப்போது பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம் எப்படி இருந்தது? மொத்தம் 50 வகுப்புகள். அவற்றில் களப்பணிக்கு ஒதுக்கப்பட்டவை வெறும் ஐந்து. பருவநிலை மாற்றம், புவி வெப்பமடைதல், அமில மழை, ஓசோன் படலச் சிதைவு, அணு விபத்துகள் ஆகிய அனைத்தும் ஒரே தலைப்பின் கீழ் அடைக்கப்பட்டிருந்தன. பல கல்லூரிகளில் நேரம் கிடைத்த வேறு துறை ஆசிரியர் யாரோ ஒருவர் அதை நடத்தினார். மாணவர்களும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்காகப் படித்தார்கள். தேர்வு முடிந்ததும் மறந்தார்கள்.

அந்த நிலைமை மாறத் தொடங்கியிருப்பதை மறுப்பதற்கில்லை. புதிய கல்விக் கொள்கையையொட்டி 2023-இல் மானியக் குழு வெளியிட்ட சுற்றுச்சூழல் கல்விக்கான வழிகாட்டுதல், எல்லா இளநிலை மாணவர்களுக்கும் நான்கு கிரெடிட் கொண்ட பாடத்தைப் பரிந்துரைத்தது. களப்பணிக்கும் அதில் இடமளிக்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை ஐஐடி, தில்லியிலுள்ள டெரி உயர்கல்வி நிறுவனம் போன்றவற்றில் பருவநிலை அறிவியல், அது சார்ந்த கொள்கை ஆகியவற்றில் முதுநிலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வழியுண்டு. அறிவியல் மாணவர் மட்டுமல்லாமல் பொருளாதாரமும் சட்டமும் படித்தவர்களும் இத்துறையை நாடுகிறார்கள்.

ஆனால், படித்து முடித்தவர்கள் எங்கே போய் அமர்வார்கள் என்கிற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. இது வெறும் வேலைவாய்ப்புப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு உத்தரகண்ட் மாநிலத்தின் ஜோஷிமட் நகரமே சாட்சி.

பத்ரிநாத் செல்லும் வழியிலுள்ள அந்த மலை நகரம் உறுதியான பாறையின் மீது அமைந்ததல்ல என்றும், பழைய நிலச்சரிவில் குவிந்த மண்ணும் கல்லுமே அதன் அடித்தளம் என்றும் 1976-லேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. பெரிய கட்டுமானங்கள் கூடாது, வெடி வைத்துப் பாறைகளைத் தகர்க்கக் கூடாது, மரங்களை நட்டுச் சரிவுகளைக் காக்க வேண்டும் என்றெல்லாம் அந்தக் குழு கூறியது. யார் கேட்டார்கள்? 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் அதிகமான கட்டடங்களில் விரிசல் கண்டு, மக்கள் கடுங்குளிரில் வீடுகளைவிட்டு வெளியேறியபோதுதான் அந்த அறிக்கை தூசு தட்டி எடுக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்தது அதைவிட வேதனையானது. நகரின் ஒரு பகுதி 12 நாள்களில் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசிய தொலையுணர்வு மையம் வெளியிட்டது. அடுத்த சில நாள்களில் அந்த அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஜோஷிமட் பற்றி ஊடகங்களிடம் பேச வேண்டாம் என்று அறிவியல் நிறுவனங்களுக்கு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது. பீதி பரவக்கூடாது என்கிற அரசின் கவலை புரிந்துகொள்ளத்தக்கதுதான். ஆனால், தங்கள் வீடு எத்தனை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்பதை அறியும் உரிமை அந்த வீட்டில் வாழ்பவருக்கு இல்லையா?

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2010 மே மாதம் ஆமதாபாதைக் கடும் வெப்ப அலை தாக்கியது. மாநகராட்சியின் இறப்புக் கணக்கை முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1,344 பேர் கூடுதலாக உயிரிழந்திருப்பது அதில் தெரியவந்தது. இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்ற மாநகராட்சி, காந்திநகரிலுள்ள இந்தியப் பொது சுகாதாரக் கல்வி நிறுவனம் உள்ளிட்டவற்றோடு கைகோத்து 2013-இல் வெப்பத் தடுப்புச் செயல்திட்டத்தை வகுத்தது. வெப்பம் எந்த அளவைத் தொட்டால் எந்த வண்ண எச்சரிக்கை விடுப்பது, மருத்துவமனைகள் என்ன செய்வது, குடிநீர் எங்கே வைப்பது, இவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அதிகாரி யார் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. பின்னர் நாட்டின் பல நகரங்களுக்கு அதுவே முன்மாதிரியானது.

ஜோஷிமட்டிலும் ஆய்வு இருந்தது. ஆமதாபாதிலும் ஆய்வு இருந்தது. ஆய்வைக் கையில் வாங்கிச் செயல்படுத்தும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட நாற்காலியிடம் ஒப்படைக்கப்பட்டதா என்பதில்தான் வேறுபாடு.

2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஆணையம் இருக்கிறது; மாவட்டத் திட்டம் வகுக்க வேண்டியது அதன் கடமை. ஆனால், மழை அளவையும் நிலச் சரிவையும் மக்கள்தொகையையும் ஒருங்கே வைத்து, எந்தக் கிராமத்துக்கு எவ்வளவு இடர் என்று கணிக்கும் பயிற்சி பெற்றவருக்கு அங்கே நிரந்தரப் பணியிடம் அரிது. தமிழகத்தில் மாவட்டப் பருவநிலை மாற்ற இயக்கங்கள் அமைக்கப்பட்டு, ஆட்சியரும் மாவட்ட வன அலுவலரும் பொறுப்பாக்கப்பட்டனர். முதல்வரின் பசுமை புத்தாய்வுத் திட்டத்தின் கீழ் இளைஞர்கள் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயத்துக்கும் வழி செய்யப்பட்டது. பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனால், முன்னது ஏற்கெனவே பணிச்சுமை உள்ள அதிகாரிகளுக்குக் கூடுதல் பொறுப்பு. பின்னது குறிப்பிட்ட காலத்துக்கான வாய்ப்பு. இளைஞர் கற்றுக்கொண்ட மாவட்டத்தை விட்டு அவர் வெளியேறும்போது, அந்த அனுபவமும் அவரோடு வெளியேறிவிடும்.

அரசு அழைக்காத இந்த இளைஞர்களைத் தனியார் துறை அழைக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு குறித்த அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று 'செபி' விதித்தது. வங்கிகள் பருவநிலை சார்ந்த நிதி இடரைக் கணக்கிட வேண்டியதன் அவசியத்தை ரிசர்வ் வங்கி 2022-இல் விவாதத்துக்கு வைத்து, 2024-இல் வரைவு விதிகளையும் வெளியிட்டது. இவை தேவையானவையே. ஆனால், ஒரு தொழிற்சாலையின் முதலீட்டுக்கு வெள்ளத்தால் என்ன ஆபத்து என்று கணக்கிட ஆள் இருக்கும்போது, அதே ஆற்றங்கரையிலுள்ள குடிசைகளுக்கு என்ன ஆபத்து என்று கணக்கிட ஆள் இல்லை என்றால், அந்தப் படிப்பால் சமுதாயத்துக்கு என்ன பயன்?

2008-இல் மன்மோகன் சிங் அரசு அறிவித்த தேசியச் செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்களில் ஒன்று, பருவநிலை மாற்றம் பற்றிய அறிவை வளர்ப்பதற்கென்றே உருவானது. இன்றும் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பும்போது, அந்த எட்டு இயக்கங்களும் மாநிலச் செயல்திட்டங்களும் பதிலில் தவறாமல் இடம்பெறுகின்றன. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், அவர்கள் எந்த அலுவலகத்தில் என்ன முடிவை மாற்றினார்கள் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 14, 21-ஆவது பிரிவுகளோடு இணைந்த உரிமை என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கென ஒருங்கிணைந்த தனிச் சட்டம் இல்லாததையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. உரிமை இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டமியற்றும் அவைகள்தான் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை எட்டாக்கனிகள் அல்ல. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களிலும் மாநகராட்சிகளிலும் இடர் கணிப்புக்கென நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி, போட்டித் தேர்வின் மூலம் நிரப்பலாம். பொதுப் பணத்தில் திரட்டப்படும் மழை, நிலத்தடி நீர், நில அசைவுத் தரவுகளைக் கல்லூரிகளுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிடலாம். இளநிலை மாணவர்களின் களப்பணியை, அந்தந்தக் கல்லூரி அமைந்துள்ள மாவட்டத்தின் பேரிடர்த் திட்டத்தைச் சரிபார்க்கும் பணியாக மாற்றலாம். ஊரின் எந்த ஏரி தூர்ந்திருக்கிறது, எந்தத் தெருவில் முதலில் வெள்ளம் புகும் என்பதை அந்த ஊர் மாணவரைவிட நன்கறிந்தவர் யார்?

கல்வியும் வனமும் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டதும், சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டதும் 1976-இல் நிறைவேறிய ஒரே திருத்தத்தால்தான். மிஸ்ரா குழு ஜோஷிமட் பற்றி எச்சரித்ததும் அதே ஆண்டில்தான். சட்டமும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது; செவிமடுக்கத்தான் ஆளில்லை. இன்று படித்த இளைஞர்கள் ஆயத்தமாக நிற்கிறார்கள். அவர்களுக்கு அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலியை ஒதுக்கத் தயங்கினால், அடுத்த அறிக்கையும் பேரிடருக்குப் பிறகுதான் தூசு தட்டப்படும்!