முதல்ல காசு, அப்புறம்தான் கேம்

"இந்த கேம் கம்பெனிக்காரனுங்க விமர்சனத்தையெல்லாம் எங்கடா படிக்கப் போறானுங்க?" நேற்று ராத்திரி ஹாஸ்டலில் நண்பன் புலம்பியது இது. அடப்பாவி, நம்மைவிட உன்னிப்பாகப் படிக்கிறார்கள்! 2010ல் வந்த ஃபால்அவுட் நியூ வேகஸைப் பாருங்கள். மெட்டாக்ரிட்டிக்கில் 85 வாங்கினால் அதை உருவாக்கிய அப்சிடியனுக்கு போனஸ் என்று பெதஸ்டாவுடன் ஒப்பந்தம். கிடைத்தது 84. ஒரே ஒரு மார்க்கில் போனஸ் போச்சு.

ஆக, அக்கறை இருக்கிறது. நம் மேல் இல்லை, அவ்வளவுதான்.

சைபர்பங்க் 2077 கதை எல்லாருக்கும் தெரியும். 2020 டிசம்பர் 10 வெளியீடு. அதற்கு முன்பே 80 லட்சம் முன்பதிவு. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும். அதிலும் அவர்கள் ஆடிப் பதிவு செய்த காட்சியைப் போடக்கூடாது, கம்பெனி கொடுத்த வீடியோவைத்தான் போட வேண்டும். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் அது எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்பது காசு கொடுத்து வாங்கியவன் வீட்டு டிவியில்தான் தெரிந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே தூக்கியது. திரும்ப வைத்தது 2021 ஜூனில். இவ்வளவு நாறியும், பணம் திருப்பிக் கொடுத்தது போக டிசம்பர் 20க்குள் 1 கோடியே 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது. விமர்சனம் வந்து என்ன செய்ய, கல்லாதான் ஏற்கெனவே நிரம்பிவிட்டதே!

பி.காம். படிக்கிற எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். சரக்கு கொடுக்கும்முன் வாங்கிய முன்பணம் வருமானம் இல்லை, கடன் என்று சொல்லித் தருகிறார்கள். பாதி வெந்ததைத் தட்டில் போட்டுவிட்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா?

"அதான் சரி பண்ணிட்டாங்களே" என்பான் ரசிகன். உண்மைதான், 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது அருமையான கேம். ஆனால் அதை அனுபவித்தவன் யார்? மூன்று வருஷம் பொறுத்து, தள்ளுபடியில் வாங்கியவன். முதல் நாளே முழு விலை கொடுத்தவன் செய்தது டெஸ்டிங் வேலை. அதுவும் சம்பளம் இல்லாமல், கைக்காசு கட்டி. அவன் முன்பதிவை நிறுத்தாதவரை கம்பெனி ஏன் அவசரப்படாமல் கேமை முடிக்கப் போகிறது?

இதையெல்லாம் நண்பனிடம் அரை மணி நேரம் கத்திச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு போனைக் காட்டி, "இத முன்பதிவு பண்ணா ஹீரோவுக்கு ஒரு தொப்பி ஃப்ரீயாம்டா" என்றான்.